பழைய வரைகலை அட்டைகளின் விளையாட்டுத் திறன் ஒப்பீடு

பழைய வரைகலை அட்டைகளின் விளையாட்டுத் திறன் ஒப்பீடு என்பது, முந்தைய தலைமுறைகளைச் சேர்ந்த வரைகலை அட்டைகள் கணினி விளையாட்டுக்களை இயக்குவதில் எவ்வாறு வேறுபடுகின்றன என்பதை அளந்து அறிவதாகும். இக்கட்டுரை 1996 முதல் 2008 வரை வெளியான அட்டைகளை எடுத்துக்காட்டாகக் கொள்கிறது. அட்டையின் பெயரில் உள்ள எண்ணையோ நினைவகத்தின் அளவையோ மட்டும் கொண்டு அதன் வேகத்தைக் கணிக்க இயலாது. சென்னை ரிச்சி தெரு போன்ற கடைத்தெருக்களில் பழைய கணினி உதிரிகளை வாங்குவோருக்கும், பழைய விளையாட்டுக்களை அக்காலக் கணினியிலேயே இயக்க விரும்புவோருக்கும் இவ்வேறுபாடுகளை அறிந்திருத்தல் பயனளிக்கும்.

வரலாறு

1996 இல் 3டிஎஃப்எக்ஸ் நிறுவனம் வெளியிட்ட வூடூ அட்டை 4 மெகாபைட் நினைவகம் கொண்டது. இது முப்பரிமாணப் படங்களை மட்டுமே வரைந்தது. இருபரிமாணப் பணிகளுக்கு மற்றோர் அட்டை தேவைப்பட்டது. 1999 இல் என்விடியா வெளியிட்ட ஜிபோர்ஸ் 256, அதுவரை கணினியின் மையச் செயலி செய்துவந்த வடிவ மாற்றம், ஒளியூட்டல் ஆகிய கணக்குகளைத் தானே ஏற்றுக்கொண்டது. 2001 இல் வெளியான ஜிபோர்ஸ்3, நிரல் எழுதி இயக்கத்தக்க நிழலாக்கிகளைக் கொண்டிருந்தது. 2002 இல் ஏடிஐ நிறுவனத்தின் ரேடியான் 9700 ப்ரோ, டிரெக்ட்எக்ஸ் 9 வசதியுடன் வெளிவந்தது. 2006 இல் ஏடிஐ நிறுவனத்தை ஏஎம்டி வாங்கியது. அதே ஆண்டு நவம்பரில் டிரெக்ட்எக்ஸ் 10 வசதி கொண்ட ஜிபோர்ஸ் 8800 ஜிடிஎக்ஸ் வெளியானது.

வேகத்தைத் தீர்மானிக்கும் கூறுகள்

* நினைவக அலைவரிசை: ஒரு நொடியில் சில்லுக்கும் நினைவகத்துக்கும் இடையே செல்லும் தரவின் அளவு. நினைவகப் பாதையின் அகலத்தை (பிட்) நினைவகத்தின் பயனுறு கடிகார வேகத்தால் பெருக்கி 8 ஆல் வகுத்தால் இது கிடைக்கும்.
* நிரப்பு வேகம்: மையக் கடிகார வேகத்தைப் படப்புள்ளிக் குழாய்களின் எண்ணிக்கையால் பெருக்கிக் கிடைப்பது.
* நிழலாக்கித் திறன்: அட்டை எந்த டிரெக்ட்எக்ஸ் பதிப்பின் கட்டளைகளைச் செயல்படுத்த வல்லது என்பது.

அலைவரிசையின் பங்கை ஜிபோர்ஸ் 256 அட்டையின் இரு வகைகள் தெளிவாகக் காட்டுகின்றன. இரண்டிலும் 120 மெகா ஹெர்ட்ஸில் இயங்கும் ஒரே சில்லும் 128 பிட் பாதையுமே இருந்தன. முதல் வகையின் அலைவரிசை நொடிக்கு ஏறத்தாழ 2.7 ஜிகாபைட், இரட்டைத் தரவு வீத நினைவகம் கொண்ட இரண்டாம் வகைக்கு 4.8 ஜிகாபைட். உயர் திரைத் துல்லியத்திலும் 32 பிட் வண்ணத்திலும் இரண்டாம் வகை தெளிவாக முந்தியது.

சில அட்டைகளின் ஒப்பீடு

அட்டை | ஆண்டு | மையக் கடிகாரம் (மெகா ஹெர்ட்ஸ்) | நினைவகப் பாதை (பிட்) | அலைவரிசை (ஜிகாபைட்/நொடி) | டிரெக்ட்எக்ஸ்
ஜிபோர்ஸ்4 எம்எக்ஸ் 440 | 2002 | 270 | 128 | 6.4 | 7
ஜிபோர்ஸ்4 டிஐ 4200 (64 மெகாபைட்) | 2002 | 250 | 128 | 8.0 | 8
ரேடியான் 9700 ப்ரோ | 2002 | 325 | 256 | 19.8 | 9
ஜிபோர்ஸ் எஃப்எக்ஸ் 5800 அல்ட்ரா | 2003 | 500 | 128 | 16.0 | 9
ஜிபோர்ஸ் 8800 ஜிடிஎக்ஸ் | 2006 | 575 | 384 | 86.4 | 10

கடிகார வேகம் மட்டும் போதாது என்பதை இவ்வட்டவணையில் காணலாம். எஃப்எக்ஸ் 5800 அல்ட்ரா 500 மெகா ஹெர்ட்ஸில் 4 குழாய்களுடன் இயங்கியது. அதன் நிரப்பு வேகம் நொடிக்கு 200 கோடி படப்புள்ளிகள். 325 மெகா ஹெர்ட்ஸில் 8 குழாய்களுடன் இயங்கிய ரேடியான் 9700 ப்ரோவுக்கு அது 260 கோடி.

பெயராலும் நினைவக அளவாலும் எழும் குழப்பங்கள்

ஜிபோர்ஸ்4 எம்எக்ஸ் 440, பெயரில் ஜிபோர்ஸ்3 இனும் புதியது. ஆயினும் ஜிபோர்ஸ்3 இல் இருந்த நிரல்படு படப்புள்ளி நிழலாக்கி இதில் இல்லை. 2003 இல் வெளியான ஜிபோர்ஸ் எஃப்எக்ஸ் 5200, டிரெக்ட்எக்ஸ் 9 வசதி பெற்றிருந்தும், டிரெக்ட்எக்ஸ் 8 கால விளையாட்டுக்களில் முந்தைய டிஐ 4200 ஐ விட மெதுவானது. 2008 இல் வெளியான 9800 ஜிடி, முந்தைய ஆண்டின் 8800 ஜிடி அட்டையின் சில்லு வடிவமைப்பையே கொண்டது.

டிஐ 4200 அட்டையின் 128 மெகாபைட் வகையில் நினைவகத்தின் வேகம் குறைவு. அதன் அலைவரிசை 7.1 ஜிகாபைட் மட்டுமே. எனவே, 64 மெகாபைட்டுக்குள் அடங்கும் விளையாட்டுக்களில் சிறிய நினைவகம் கொண்ட வகையே சற்று வேகமானது.

இயங்கும் தகுதி

வேகமான அட்டையாயினும் விளையாட்டு கோரும் வசதி இல்லையெனில் பயனில்லை. 2005 இல் வெளியான பேட்டில்ஃபீல்ட் 2, படப்புள்ளி நிழலாக்கியின் 1.4 பதிப்பைக் கோரியது. டிஐ 4200 இல் 1.3 வரையே இருந்ததால் அதில் இவ்விளையாட்டு இயங்கவில்லை. 2007 இல் வெளியான பயோஷாக், நிழலாக்கி மாதிரி 3.0 ஐக் கோரியது. இதனால், திறன் மிக்க ரேடியான் எக்ஸ்800 வரிசையும் விலக்கப்பட்டது.

சோதனை முறை

இரு அட்டைகளை ஒப்பிடும்போது செயலி, நினைவகம், இயங்குதளம், திரைத் துல்லியம், பட அமைப்புகள் ஆகியவை ஒன்றாக இருத்தல் வேண்டும். திரையின் புதுப்பிப்பு வீதத்தோடு படச்சட்டங்களை இணைக்கும் அமைப்பு நிறுத்தப்பட வேண்டும். இல்லையெனில் இரு அட்டைகளும் அவ்வீதத்திலேயே நின்று, சமமானவை போலத் தோன்றக்கூடும். நொடிக்கான சராசரிப் படச்சட்ட எண்ணிக்கையுடன் குறைந்தபட்ச எண்ணிக்கையையும் குறித்தல் நன்று. திரைத் துல்லியத்தைக் குறைத்தும் எண்ணிக்கை உயரவில்லை எனில், தடை பெரும்பாலும் அட்டையில் அன்று, மையச் செயலியில் உள்ளது.

சோதனை முடிவுகளை இயக்கி மென்பொருளும் மாற்றக்கூடும். 2001 இல், குவேக் 3 விளையாட்டின் கோப்புப் பெயரை மாற்றியபோது ரேடியான் 8500 அட்டையின் வேகம் குறைந்தது. இயக்கி அவ்விளையாட்டைப் பெயரால் அடையாளம் கண்டு படத்தரத்தைக் குறைத்தது தெரியவந்தது. 2003 இல், 3டிமார்க்03 சோதனையை என்விடியா இயக்கிகள் இனங்கண்டு செயல்படுவதாக ஃபியூச்சர்மார்க் அறிவித்தது. பின்னர் இரு நிறுவனங்களும் வெளியிட்ட கூட்டறிக்கை, அதனை ஏமாற்று என்னாது, பயன்பாட்டுக்கெனச் செய்த மேம்பாடு எனக் குறிப்பிட்டது. ஆகவே, ஒரே சோதனையை நம்பாது பல விளையாட்டுக்களில் அளப்பதும், படத்தரத்தை உடன் நோக்குவதும் இன்றியமையாதன.

பொருத்தும் முன் கவனிக்க வேண்டியவை

ஏஜிபி அட்டைகளும் பிசிஐ எக்ஸ்பிரஸ் அட்டைகளும் ஒன்றன் செருகுவாயில் மற்றொன்று பொருந்தாதவை. 3.3 வோல்ட் ஏஜிபி அட்டைகள் 1.5 வோல்ட் செருகுவாய்க்கு உரியவை அல்ல. 8800 ஜிடிஎக்ஸ் போன்றவற்றுக்கு மின்வழங்கியிலிருந்து இரண்டு தனி இணைப்புகள் தேவை.

இவற்றையும் பார்க்க

* வரைகலைச் செயலகம்
* டிரெக்ட்எக்ஸ்
* ஓப்பன்ஜிஎல்