ஒத்திகைக்கு நுழைவுச்சீட்டு விற்ற கதை



சென்ற தவணையில் ஒருநாள், ஓய்வு நேரத்தில் ஆறாம் ஆண்டு மாணவன் ஒருவன் என்னிடம் வந்தான். "ஐயா, எங்கள் அண்ணன் மூன்று மாதம் காசு சேர்த்து ஓர் இணைய விளையாட்டு வாங்கினார். செய்தவர் பெரிய ஆள் என்று சொன்னார்கள். இப்போது உள்ளே போனால் கூட ஆடுவதற்கு ஆளே இல்லை. கேட்டால், இன்னும் செய்து முடிக்கவில்லை என்கிறார்கள். முடியாததை எப்படி ஐயா விற்கலாம்?" என்றான்.

நல்ல வினா. அன்று அவனுக்கு நிறைவான விடை கூற என்னால் இயலவில்லை. கணினி விளையாட்டு எனக்குப் பழக்கமில்லாத துறை. ஆயினும், மாணவன் கேட்ட வினாவை அப்படியே விட்டுவிட மனம் ஒப்பவில்லை. தேடிப் படித்ததை இங்கே தொகுத்துத் தருகிறேன். இதன் முடிவில் நம் வகுப்பறைக்கும் ஒரு செய்தி இருக்கிறது.

ஐந்து டாலர் வட்டு

ரிச்சர்ட் கேரியட் என்பவர் அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில் வளர்ந்தவர். 1979ஆம் ஆண்டு, பதின்ம வயதிலேயே தாம் எழுதிய விளையாட்டை நெகிழிப் பைகளில் இட்டு, தாம் வேலை செய்த கணினிக் கடையில் விற்றவர். 1981இல் இவரது 'அல்டிமா' வரிசை தொடங்கியது. அந்த வரிசையின் வழியாக வந்ததே 1997ஆம் ஆண்டு செப்டம்பரில் வெளியான 'அல்டிமா ஆன்லைன்'. ஆயிரக்கணக்கானோர் ஒரே நேரத்தில் ஒரே கற்பனை நாட்டில் வாழலாம் என்பது அன்று பெரும் புதுமை.

வெளியீட்டுக்கு முன் அந்த விளையாட்டைப் பொதுமக்களிடம் கொடுத்துச் சோதித்தார்கள். சோதனை வட்டுக்கு ஐந்து டாலர் கட்டணம். பணம் கொடுத்துக் குறை கண்டுபிடிக்க யார் வருவார் என்று எண்ணத் தோன்றும், பல்லாயிரவர் வந்தார்கள். அந்தச் சோதனையில் வேடிக்கைகளும் நிகழ்ந்தன. காட்டில் புல் மேயும் விலங்கு, அதனை உண்ணும் விலங்கு என்று இயற்கையைப் போலவே ஓர் ஏற்பாட்டை அமைத்திருந்தார்கள். ஆட்டக்காரர்களோ கண்ணில் பட்ட விலங்குகளையெல்லாம் கொன்று குவித்தார்கள், ஏற்பாடு குலைந்தது, கடைசியில் அதனை நீக்கிவிட்டார்கள். 1997 ஆகஸ்டில், கேரியட்டே 'லார்ட் பிரிட்டிஷ்' என்னும் மன்னர் வேடத்தில் உலா வந்தபோது ஓர் ஆட்டக்காரர் தீ மூட்டி அவரைக் கொன்றார். மன்னரை யாரும் கொல்ல இயலாதபடி இருந்த பாதுகாப்பு அன்று செயல்படவில்லை! இன்றும் அந்தத் துறையினர் சிரித்துக்கொண்டே நினைவுகூரும் நிகழ்ச்சி அது.

வெளியான பின்பும் தடங்கல்கள் மிகுதி. ஆட்டம் திணறியது; முறையீடுகள் நீதிமன்றம் வரை சென்றன. எனினும், ஓராண்டு முடிவதற்குள் மாதக் கட்டணம் செலுத்துவோர் ஒரு லட்சத்தைத் தாண்டினர். காரணம் என்ன? அதைப் போன்ற மற்றொன்று அன்று அரிது. குறைகளைப் பொறுத்துக்கொண்டு மக்கள் காத்திருந்தார்கள். பிற்காலச் சறுக்கலின் விதை இந்த வெற்றியிலேயே இருந்தது என்பது என் கருத்து. 'நாம் திருத்தும் வரை கூட்டம் காத்திருக்கும்' என்ற பாடத்தை அந்தத் தலைமுறை கற்றுக்கொண்டது.

முன்வெளியீடு என்னும் புதுவழி

2013ஆம் ஆண்டு மார்ச்சில், வால்வ் நிறுவனத்தின் இணையக் கடையான ஸ்டீம், 'ஏர்லி ஆக்சஸ்' என்னும் முறையைத் தொடங்கியது. முழுமை பெறாத விளையாட்டை விலைக்கு வாங்கி ஆடலாம். ஆடுவோரின் கருத்தைக் கேட்டு உருவாக்குநர் அதனை வளர்ப்பார். ஒத்திகைக்கே நுழைவுச்சீட்டு விற்பதைப் போன்றது இது. முதலீடு இல்லாத சிறு குழுக்களுக்கு இது பெரும் உதவியாக அமைந்ததை மறுப்பதற்கில்லை.

அதே மாதத்தில், கேரியட் தம் புதிய நிறுவனத்தின் வழியாக 'ஷ்ரௌட் ஆஃப் தி அவதார்' என்னும் விளையாட்டுக்குக் கிக்ஸ்டார்ட்டர் தளத்தில் பொதுமக்களிடம் நிதி கேட்டார். கேட்டது பத்து லட்சம் டாலர். கிடைத்ததோ ஏறத்தாழ பத்தொன்பது லட்சம் டாலர். கொடுத்தவர்கள் இருபத்திரண்டாயிரம் பேருக்கு மேல். இளமையில் அல்டிமா ஆடியவர்கள், இப்போது குடும்பமும் வருமானமும் உடையவர்களாக, பழைய நாளை மீட்டெடுக்க விரும்பிக் கொடுத்த பணம் அது என்று கருத இடமுண்டு.

2014 நவம்பரில் அது முன்வெளியீடாக ஸ்டீமுக்கு வந்தது. வந்தவர்கள் கண்டது என்ன? காலத்தால் பின்தங்கிய காட்சிகள். துண்டு துண்டாகப் பிரிந்து கிடந்த உலகம். ஒவ்வோர் இடத்திற்கும் செல்லக் காத்திருப்பு. ஆட்டம் முழுமை பெறாத நிலையிலேயே, அதற்குள் இருக்கும் கற்பனை வீடுகளும் மனைகளும் நூற்றுக்கணக்கான உண்மை டாலருக்கு விற்பனைக்கு வந்தன. குடிபுக நகரமே உருவாகவில்லை. மனை விற்பனை மட்டும் மும்முரமாக நடந்தது. முழு வெளியீடு 2018 மார்ச்சில்தான் நிகழ்ந்தது. அதற்குள் ஆர்வம் வடிந்துவிட்டது. அதே ஆண்டு அக்டோபரில் அது இலவசமாக்கப்பட்டது. 2019இல் வேறு ஒரு சிறு நிறுவனத்தின் கைக்கு மாறியது.

முப்பத்து நான்கு நாள்

அடுத்தது 2018ஆம் ஆண்டு நிகழ்ச்சி. 'கியர்ஸ் ஆஃப் வார்' விளையாட்டால் உலகப் புகழ் பெற்ற கிளிஃப் பிளெசின்ஸ்கி, பாஸ் கீ என்னும் நிறுவனத்தை நடத்தி வந்தார். 2017 ஆகஸ்டில் அவர்கள் வெளியிட்ட 'லாபிரேக்கர்ஸ்' போதிய கூட்டத்தைச் சேர்க்கவில்லை. நிறுவனத்தைக் காப்பாற்ற, ஏறத்தாழ ஐந்தே மாதத்தில் 'ராடிக்கல் ஹைட்ஸ்' என்பதை உருவாக்கி, 2018 ஏப்ரல் 10ஆம் நாள் முன்வெளியீடாகத் திறந்தார்கள். மிக மிக முந்திய வெளியீடு என்று அவர்களே ஒளிவுமறைவின்றி அறிவித்தார்கள். பல கட்டடங்களுக்கு வண்ணப்பூச்சுகூட இல்லை. பெண் கதாபாத்திரங்கள் அப்போது ஆயத்தமாகவில்லை. மே 14ஆம் நாள், நிறுவனமே மூடப்படுவதாக அறிவிப்பு வந்தது. இடைப்பட்ட காலம் முப்பத்து நான்கு நாள்.

அண்மைய நிகழ்ச்சி 2024ஆம் ஆண்டினது. பிளிசார்ட் நிறுவனத்தில் 'ஸ்டார்கிராஃப்ட்', 'வார்கிராஃப்ட்' ஆகியவற்றில் பணியாற்றிய மூத்தோர் சிலர் 2020இல் ஃபிராஸ்ட் ஜயண்ட் என்னும் நிறுவனத்தைத் தொடங்கினர். அவர்களின் 'ஸ்டார்ம்கேட்' விளையாட்டுக்குப் பொதுமக்கள் இருபது லட்சம் டாலருக்கு மேல் வழங்கினர். 2024 ஜூலை இறுதியில் பணம் கொடுத்தோருக்கும், ஆகஸ்டில் அனைவருக்கும் முன்வெளியீடாகத் திறக்கப்பட்டது. கதைப்பகுதி மெருகேறவில்லை, பெருந்தொகை கொடுத்தோருக்கும் ஒரு கதாபாத்திரம் தனி விலைக்கு வைக்கப்பட்டது மனக்கசப்பை உண்டாக்கியது. உச்ச அளவிலேயே ஒரே நேரத்தில் ஆடியவர்கள் சில ஆயிரம் பேர்தான். சில மாதங்களில் அந்த எண்ணிக்கை நூற்றுக்கணக்காகச் சுருங்கியது. பிறகு கதைப்பகுதியைப் பெரிதும் திருத்தி, 2025 ஆகஸ்டில் முழு வெளியீடு என அறிவித்தார்கள். சென்ற கூட்டம் மீளவில்லை.

ஏன் இப்படி?

தனியாக ஆடும் விளையாட்டு குறையுடன் வந்தாலும், ஈராண்டு கழித்துத் திருத்தினால் ஒருவர் வாங்கி மகிழலாம். பலர் கூடி ஆடும் விளையாட்டின் நிலை வேறு. அங்கே கூட்டமே ஆட்டத்தின் ஒரு பகுதி. முதல் வாரத்தில் கூட்டம் கலைந்தால், மீதமிருப்போருக்கு எதிராளி கிடைப்பதில்லை, அவர்களும் போய்விடுகிறார்கள். பின்னர் எத்துணை திருத்தினாலும் வெறும் திடலில் கோல்கம்பத்துக்கு வண்ணம் பூசிய கதைதான்.

மற்றொன்று, பெயர். புதியவர் அரைகுறையாகக் கொடுத்தால், 'வளரட்டும்' என்கிறோம். பெயர் பெற்றவர் கொடுத்தால், அவர் முன்பு முடித்துக் கொடுத்த சிறந்த படைப்புடன் ஒப்பிடுகிறோம். அதனால், கூட்டத்தை அழைத்து வரும் பெயரே தீர்ப்பையும் கடுமையாக்குகிறது.

முறையே தவறு என்று முடிவு கட்டுவதும் நேர்மையன்று. 2017 மார்ச்சில் முன்வெளியீடாக வந்த 'பப்ஜி' குறைகள் நிறைந்ததுதான். ஆனால், நூறு பேர் இறங்கி ஒருவர் எஞ்சும் அந்த ஆட்டத்தின் உயிர்ப்பகுதி முதல் நாளே ஆயத்தமாக இருந்தது. உலகமே திரண்டது. உயிர் இருந்தால் உடம்பைத் தேற்றலாம்.

நமக்கு என்ன?

பெற்றோர்களே, பிள்ளை விளையாட்டு வாங்கப் பணம் கேட்டால், 'செய்தவர் யார்?' என்பதோடு நிறுத்தாதீர்கள். 'இன்று என்ன இருக்கிறது? ஆட ஆள் இருக்கிறதா?' என்றும் கேளுங்கள். வாக்குறுதிக்கு அன்று, இன்று கையில் இருப்பதற்கே விலை கொடுக்கப் பழக்குங்கள்.

ஆசிரியர்களுக்கும் இதில் இடமுண்டு. இருபது ஆண்டுக்கு மேல் கற்பித்துவிட்டோம் என்ற நினைப்பில், பாடக்குறிப்பை ஆயத்தம் செய்யாமல் நானும் வகுப்புக்குச் சென்றதுண்டு. அனுபவம் பார்த்துக்கொள்ளும் என்று நம்பினேன். முதல் பத்து நிமிடத்தில் கலைந்த மாணவர் கவனத்தை அன்றைய பாடவேளை முடியும் வரை என்னால் மீட்க முடியவில்லை. முதற் கோணல் முற்றுங் கோணல் என்று நம் முன்னோர் சொன்னதை அன்று உணர்ந்தேன்.

அந்த மாணவனை மறுநாள் அழைத்து இதையெல்லாம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டான். "அப்படியென்றால் அண்ணன் விளையாட்டை வாங்கவில்லை ஐயா, அந்தப் பெரிய ஆளின் பெயரைத்தான் வாங்கினார்" என்றான்.

நான் ஒரு கட்டுரை எழுதிச் சொன்னதை அவன் ஒரு வரியில் சொல்லிவிட்டான்.