சென்னையிலிருந்து சென்ற இரு பயணிகள் கப்பல்கள்

ரஜுலா, சென்னையையும் நாகப்பட்டினத்தையும் பினாங்கு, சிங்கப்பூர் துறைமுகங்களுடன் இணைத்த பயணிகள் கப்பல். 1926இல் கட்டப்பட்டு, 1973 வரை அதே பெயரில் ஓடியது. பிழைப்புத் தேடி மலாயா சென்ற தமிழர் பலர் இதில் தளப் பயணிகள். அவர்களுக்குத் தனி அறை கிடையாது. தளத்திலேயே பாய் விரித்துப் படுத்தனர்.

2022 ஜூன் 4 அன்று முதல்வர் மு.க. ஸ்டாலின் சென்னையில் தொடங்கிவைத்த எம்பிரஸ் சொகுசுக் கப்பல் சேவை வேறு வகை. தங்கும் அறைகள், உணவகங்கள், நீச்சல் குளம், கலையரங்கம், சூதாட்டக் கூடம் எல்லாம் அதில் உண்டு. இவ்வகைப் பயணத்தில் சேரும் ஊரைவிடக் கப்பல் வாழ்க்கையே முக்கியம். மேலைநாடுகளில் புகழ்பெற்ற பாடகர்களுடன் ரசிகர்கள் செல்லும் பயணங்களும் இத்தகையவையே.

எம்பிரஸ் பயணிகள் சில நாளில் வீடு திரும்புகின்றனர். ரஜுலாவில் சென்றவர்களில் பலர் திரும்பவில்லை; அவர்களின் வழித்தோன்றல்கள் இன்று மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் வாழ்கின்றனர்.