அடிபட்டவருக்குப் பணம் கொடுக்கிறவர் ரோட்டுக்கும் கொடுத்த கதை

மயிலாடியில் கல் கொத்துகிற ஒருத்தர் போன மாதம் வந்தார். அஞ்சுகிராமம் ரோட்டில் பைக்கில் போகும்போது கார் தட்டிவிட்டது. ஹெல்மெட் போட்டிருந்ததால தலை தப்பிச்சது. வலது மணிக்கட்டு நொறுங்கிப் போச்சு. சுத்தியல் பிடிக்கிற கை.

மாவுக்கட்டு போடும்போது கேட்டார்: "வருஷா வருஷம் எல்லாரும் இன்சூரன்ஸ் கட்டுகது, விழுந்த பொறவு கேஸ் நடத்தத்தானா டாக்டரே?"

இந்தக் கேள்விக்குப் பின்னால ஒரு வரலாறு இருக்கு. கொஞ்சம் நீளம், பொறுமையா வாசிங்க.

1939 மோட்டார் வாகனச் சட்டப்படி, மூன்றாம் நபர் காப்பீடு 1946 ஜூலை 1 முதல் கட்டாயமானது. (அது பிரிட்டிஷ் இந்தியாவுக்கு. மயிலாடி அப்போ திருவிதாங்கூர் சமஸ்தானம்.) அதன் அடிப்படை, பெரும்பாலும் யார் மேல தப்புன்னு முதலில் முடிவாகணும், பிறகுதான் பணம். அதனால் தீர்ப்பாயம், வக்கீல், வாய்தா. அதோட, கம்பெனிகள் பல. ஒரு கம்பெனி தன் காசில் ஒரு வளைவைச் சரிசெய்தால் லாபம் மற்ற எல்லா கம்பெனிக்கும் போகும். பிறகு எவன் செய்வான்?

ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலம் இந்த முடிச்சை அவிழ்த்தது. 1987 ஜனவரியில் அங்கே சாலை விபத்துக் காயங்களுக்கு ஒரே அரசு காப்பீட்டு அமைப்பு வந்தது, பெயர் டி.ஏ.சி. வண்டிப் பதிவோடு சேர்த்துக் கட்டணம் வாங்கிவிடுவார்கள். சிகிச்சைக்குப் பணம் கொடுக்க யார் தப்புன்னு பார்ப்பதில்லை. ஆஸ்பத்திரிச் செலவு, பிசியோ, வேலைக்குப் போக முடியாத நாட்களின் சம்பள இழப்பு எல்லாம் அதன் தலையில்.

இப்போ கணக்கு மாறுது பாருங்க. இருபது வயசுப் பையனுக்குத் தண்டுவடம் போனால் அவன் ஆயுசு முழுக்கச் செலவு இந்த ஒரே அமைப்புக்கு. அப்போ தடுப்பதுதான் மலிவு. 1989-90ல் வேகக் கேமராவுக்கும், குடிச்சிருக்காங்களான்னு ஊதச்சொல்லிப் பார்க்கும் போலீஸ் பஸ்களுக்கும் டி.ஏ.சி. பணம் கொடுத்தது. 1989 டிசம்பரில் முதல் விளம்பரம், கதை நடப்பது ஆஸ்பத்திரி அவசரப் பிரிவில். 1989ல் 776 ஆக இருந்த சாலை மரணங்கள் 1992ல் 396. இதில் கேமராவுக்கு எவ்வளவு, விளம்பரத்துக்கு எவ்வளவு, அப்போது வந்த பொருளாதார மந்தத்துக்கு எவ்வளவுன்னு ஆய்வாளர்கள் பின்னால சண்டை போட்டாங்க. நான் கேமரா பக்கம்.

எனக்குப் பிடிச்சது அதைவிடச் சின்ன விஷயம். அங்கே 21 வயதுக்குக் கீழே உள்ளவர்கள் லைசென்ஸ் வாங்க, அனுபவமுள்ளவர் பக்கத்தில் இருக்க 120 மணி நேரம் ஓட்டியிருக்கணும். வீட்டில் காரோ கற்றுக்கொடுக்க ஆளோ இல்லாத பிள்ளைகளுக்கு உள்ளூர்த் தன்னார்வலர்கள் கூட உட்கார்ந்து பழக்குகிறார்கள். காசு டி.ஏ.சி.யுடையது.

நம்ம பக்கம்? 2021 டிசம்பர் 18ல் மேல்மருவத்தூரில் 'இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48' தொடங்கியது. முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம், எந்த மாநிலத்தவராக இருந்தாலும். 2025 மே மாதம் மத்திய அரசு 7 நாள், 1.5 லட்சம் வரை கட்டணமில்லாச் சிகிச்சையை அறிவித்தது. மோதிய வண்டிக்கு இன்சூரன்ஸ் இருந்தால் அந்தப் பணம் கம்பெனிகள் செலுத்தும் நிதியிலிருந்து வரும். ஆக, முதல் வாரத்து பில் கடைசியில் காப்பீட்டுக்காரர் மேசைக்கு வந்துவிட்டது. எட்டாவது நாளிலிருந்து பழைய கதைதான்.

கல் கொத்துகிறவருக்கு இப்போ ஆறாவது வாரம். கட்டு பிரிச்சாச்சு, பந்தை அமுக்கிப் பழகுகிறார். சுத்தியல் இன்னும் தூக்க முடியல. கேஸுக்கு இனிமேல்தான் வக்கீலைப் பார்க்கணுமாம்.