விளையாட்டுப் பட அட்டைகளும் தோட்டத்துக் குழுப்படங்களும்

விளையாட்டு வீரர்களின் பட அட்டைகள், சிகரெட்டுப் பெட்டி நசுங்காதிருக்க உள்ளே வைக்கப்பெற்ற தடித்த தாள்களிலிருந்து தோன்றியவை. இங்கிலாந்தில் வில்ஸ் நிறுவனம் 1896-இல் கிரிக்கெட் ஆட்டக்காரர்களை அவற்றில் அச்சிட்டது. போர்க்காலத் தாள் தட்டுப்பாட்டால் 1940-இல் அங்கு இவ்வழக்கம் நின்றது. சிறுவர்கள் ஏட்டில் ஒட்டிய அட்டைகளின் பின்புறக் குறிப்புகள் பசையில் மறைந்தன. ஆய்வாளனுக்கு வேண்டியது பெரும்பாலும் அப்பின்புறமே.

இது மெர்லிமாவுக்கு எவ்வாறு பொருந்தும் எனலாம். டாக்டர் எம். ஜெகதீசன் 1966 பாங்காக் ஆசிய விளையாட்டுப் போட்டியில் மூன்று தங்கம் வென்றார்; 1968-இல் மெக்சிகோவில் 200 மீட்டரை 20.92 வினாடியில் ஓடிய அவரது தேசியச் சாதனை 2017 வரை நிலைத்தது. இவை பதிவில் உள்ளன. தோட்டத் திடல்களில் ஆடிய காற்பந்துக் குழுவினருக்கோ அட்டை அச்சிடுவார் இலர். வீட்டிலுள்ள குழுப்படமே அவர்தம் அட்டை. தோட்டம் விட்டுப் பட்டணம் பெயர்ந்த குடும்பங்கள் அதையும் தட்டுமுட்டுகளோடு சுமந்து சென்றன.

அப்படத்தை லேமினேட் செய்து வைப்பது நம்மிடையே பெருவழக்கு. அன்பினால் விளையும் கேடு இது. ஆசிரியராகிய நாமும் இதற்கு விலக்கல்லோம். சூட்டில் இளகும் நெகிழி படத்தோடு ஒட்டிவிடும். சேதமின்றிப் பிரித்தல் அரிது. பி.வி.சி. உறையும் நாளடைவில் படத்தைக் கெடுக்கும். கடலுக்கு அண்மையிலுள்ள மெர்லிமாவின் ஈரக்காற்றில் பூஞ்சணமும் இராமபாணப் பூச்சியும் வேறு. பாலியெஸ்டர் உறையும் அமிலமற்ற பெட்டியும் போதும், விலையும் மிகுதியன்று.

அதனினும் அவசரமானது, படத்தின் பின்புறத்தில் மென்பென்சிலால், அழுத்தாமல், நிற்போர் பெயர்களை இடமிருந்து வலமாக எழுதி வைத்தல். கோல்காவலரின் பெயரறிந்த முதியவர் ஒருவரேனும் இருக்கும்போதே.