கொடிக்கீழ் சேர்ந்தவர்கள்: 1867 பினாங்குக் கலவரமும் ஆள்சேர்ப்பைத் தடுத்தலும்

பயங்கரவாத அமைப்புகளுக்கு ஆள் சேராமல் தடுப்பது பற்றி மலேசியாவில் எழும் வாதங்கள் பெரும்பாலும் சட்டத்தையே சுற்றுகின்றன: 2012ஆம் ஆண்டின் சோஸ்மா என்ற பாதுகாப்புக் குற்றச் சட்டம், 2015ஆம் ஆண்டின் போத்தா என்ற பயங்கரவாதத் தடுப்புச் சட்டம், காவலில் எத்தனை நாள் வைக்கலாம் என்ற கேள்வி. கைதுக்கு முந்தைய கட்டத்தை ஆராயப் பினாங்கின் தலைநகர் ஜார்ஜ்டவுனின் பழைய வரலாறு அதிகம் உதவும் என்பது என் கருத்து.

1867 ஆகஸ்டில் இந்நகரம் பல நாள் எரிந்தது. ஒரு பக்கம் கீ ஹின் என்ற சீன இரகசியச் சங்கமும் வெள்ளைக் கொடி என்ற முஸ்லிம் சங்கமும். மறுபக்கம் கியன் தெக் என்ற சீனச் சங்கமும் சிவப்புக் கொடிச் சங்கமும். கொடிச் சங்கங்களில் மலாய்க்காரர், ஜாவி பெக்கான் (இந்திய-மலாய் கலப்பு முஸ்லிம்கள்), தமிழ் முஸ்லிம்கள் எனப் பலரும் இருந்தனர். இவை இன்றைய பொருளில் பயங்கரவாத அமைப்புகள் அல்ல. ஆயினும் சத்தியம் வாங்கி, இரகசியம் காக்கச் செய்து, சாமானியன் கையில் ஆயுதம் கொடுத்த வழிமுறை ஒன்றுதான்.

அந்தச் சாமானியன் ஏன் சேர்ந்தான்? நாகூரிலிருந்தோ காரைக்காலிலிருந்தோ கப்பலேறி வந்து சூலியா தெருவில் ஒண்டிய இளைஞனுக்கு உறவென்று யாருமில்லை. படுக்க இடம், வேலைக்கு ஒரு வாய்ச்சொல், வழக்கு வந்தால் பேச ஆள், செத்தால் மய்யத்து எடுக்க நாலு பேர் வேண்டும். கொடிச் சங்கங்கள் முகர்ரம் ஊர்வலத்தையும் போரியா பாட்டையும் ஒட்டி வளர்ந்தவை. பாட்டுக்கும் பரஸ்பர உதவிக்கும் கூடியவர்களிடம் சத்தியம் கேட்கப்பட்டபோது மறுப்பது எளிதாக இருந்திருக்காது. கொள்கையைவிடத் துணையைத் தேடியே பெரும்பாலோர் சேர்ந்தனர் என்று கருத இடமுண்டு.

பிரிட்டிஷ் அரசு முதலில் தண்டித்தது. கியன் தெக் தலைவர் கூ தியன் தெக்குக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டுப் பின்னர் குறைக்கப்பட்டது. 1869ஆம் ஆண்டுச் சட்டம் சங்கங்களைப் பதிவு செய்யச் சொன்னது. இவற்றால் ஆள் சேர்வது நிற்கவில்லை. சீனத் துறைமுகங்களிலிருந்து பயணக்கடனோடு இறங்கிய ‘சின்கே’ எனப்பட்ட புதுக் கூலியை எதிர்கொண்டு அழைத்துப் போனவர்கள் சங்கத்தாரே. அவன் மொழி அரசுக்குத் தெரியாது. பினாங்கும் சிங்கப்பூரும் அடங்கிய நீரிணைக் குடியேற்ற அரசில் சீனம் சரளமாகப் பேசத் தெரிந்த முதல் ஐரோப்பிய அதிகாரி வில்லியம் பிக்கரிங்; 1877இல் சிங்கப்பூரில் அமைந்த சீனர் பாதுகாப்பகத்துக்கு அவரே தலைவர். பின்னர் பினாங்குக்கும் வந்த அந்த அலுவலகத்தின் அதிகாரிகள் கப்பலிலேயே கூலிகளைச் சந்தித்தனர், கடனையும் ஒப்பந்தத்தையும் பதிந்தனர், பிணக்குகளைத் தீர்த்தனர். சங்கம் செய்துவந்த வேலையில் ஒரு பகுதியை அரசு கையிலெடுத்தது. 1889இல் சட்டமாகி மறு ஆண்டு நடைமுறைக்கு வந்த, இரகசியச் சங்கங்கள் மீதான தடை, இந்த அடித்தளத்தின் மேல் நின்றதாலேயே பெரிய சங்கங்களைக் கலைக்க முடிந்தது. சிறு கும்பல்கள் ஒளிந்து தொடர்ந்தன என்பதையும் மறைக்கக் கூடாது: அரசு எட்டாத தேவைகள் மிச்சமிருந்தன.

இன்று சத்தியம் கைப்பேசி வழியே வாங்கப்படுகிறது, அதனால் பழைய பாடம் பொருந்தாது என்று வாதிடலாம். 2016 ஜூன் 28இல் பூச்சோங் மதுக்கூடத்தில் வீசப்பட்ட கையெறி குண்டு எட்டுப் பேரைக் காயப்படுத்தியது. உத்தரவு சிரியாவில் இருந்த மலேசியர் ஒருவரிடமிருந்து வந்தது. தூரம் மாறியிருக்கிறது, உண்மைதான். ஆனால் 2025 ஜூனில் ஐ.எஸ். தொடர்பின் பேரில் 36 வங்காளதேசத்தவர் கைதானதாக அரசு அறிவித்தபோது தெரியவந்தது என்ன? சமூக ஊடகம் வழியே இழுக்கப்பட்டவர்களில் தொழிற்சாலையிலும் கட்டுமானத்திலும் உழைத்தவர்கள் இருந்தனர். ஊரை விட்டு வந்தவனைத் தேடும் ஆள்சேர்ப்போரின் பழக்கம் மாறவில்லை.

எனவே பினாங்கின் பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டைக்கு வந்திறங்கும் வெளிநாட்டுத் தொழிலாளர்களைச் சந்தேகக் கண்ணோடு பார்ப்பது மாபெரும் தவறு. அவர்களில் மிகப் பெரும்பாலோர் குடும்பத்துக்குப் பணம் அனுப்ப வந்தவர்கள். கேட்க வேண்டியவை வேறு. வந்த முதல் வாரத்தில் ஒரு தொழிலாளியிடம் அவன் மொழியில் பேசுபவர் யார்? முகவரிடம் பட்ட கடனை யார் சரிபார்க்கிறார்? சம்பளம் பிடிக்கப்பட்டால் அவன் எந்த வாசலுக்குப் போவான்? பாதுகாப்புத் துறையின் வரவுசெலவில் மொழிபெயர்ப்பாளரின் சம்பளமும் தொழிலாளர் விடுதிக்குச் செல்லும் அதிகாரியின் பயணச் செலவும் இடம்பெற வேண்டும்.