கணக்குக் காட்டியவருக்கு என்ன கிடைத்தது? உத்தரமேரூர்ச் சாசனங்களும் நிதி நிர்வாக விருதுகளும்

மலேசியத் தலைமைக் கணக்காய்வாளர் அலுவலகம் 2007 முதல் அரசுத் துறைகளின் நிதி நிர்வாகத்தை ஒரு குறியீட்டால் அளந்து நட்சத்திரங்கள் வழங்கியது. அப்போது பதவியில் இருந்தவர் டான் ஸ்ரீ அம்ப்ரின் புவாங். 90 புள்ளிகளும் அதற்கு மேலும் பெற்ற துறைக்கு நான்கு நட்சத்திரங்கள். 50ஐ எட்டாத துறைக்கு ஒன்று. இதன் முன்னோடி எது என்று கேட்டால் அமெரிக்காவைச் சுட்டலாம். அங்கே அரசு நிதி அதிகாரிகள் சங்கம் 1945இல் நிதியறிக்கைக்கும், 1984இல் வரவு செலவுத் திட்ட ஆவணத்துக்கும் விருதுத் திட்டங்களைத் தொடங்கியது. பொதுப்பணத்தை ஒழுங்காகக் கையாண்டவருக்கு என்ன கிடைக்க வேண்டும் என்ற கேள்வியோ பத்தாம் நூற்றாண்டுத் தமிழ்ச் சாசனத்திலேயே இருக்கிறது. அந்தக் கேள்வி பேசப்படாமல் போனதற்கு, சோழர் வரலாறு எழுதிய நீலகண்ட சாஸ்திரியாரின் வாசிப்பு ஒரு முக்கியக் காரணம் என்பது இக்கட்டுரையின் வாதம்.

உத்தரமேரூர் வைகுந்தப் பெருமாள் கோயிலில் உள்ள, சோழ மன்னன் முதலாம் பராந்தகனின் 12, 14ஆம் ஆட்சியாண்டுச் சாசனங்கள் நன்கு அறியப்பட்டவை. ஊர்ச் சபை தன் வாரியங்களுக்குக் குடவோலை முறையில் ஆள் தேர்வதற்கான விதிகளை அவை சொல்கின்றன. பராந்தகன் முடிசூடியது 907 என்று கொண்டால் அவை 919, 921 ஆகும். ஓராண்டு முன்பின் ஆவதற்கு இடமுண்டு. வாதத்தை அது பாதிக்காது. இரண்டு ஆண்டு இடைவெளியே இங்கு முக்கியம்.

தனி அலுவலர்களாக இருந்த வாரியர்களிடமிருந்து குழுக்களான வாரியங்களுக்கு ஊராட்சி மாறியதன் நிறைவை இவ்விரு சாசனங்களிலும் சாஸ்திரியார் கண்டார். முதல் விதிகளை நடைமுறைப்படுத்தியபோது எழுந்த சிக்கல்களைக் களையவே இரண்டாவது தீர்மானம் வந்தது என்பது அவர் முடிவு. குடவோலைத் தேர்தலின் கதை இவ்வாறு படிப்படியாகச் செப்பமடைந்த ஒரு நடைமுறையின் கதையாகிவிட்டது. பாடநூல்களும் மேடைகளும் இன்றுவரை அதையே சொல்கின்றன. சிக்கல்கள் எழுந்தன என்பதில் எனக்கு மறுப்பில்லை. அவை எத்தகைய சிக்கல்கள் என்று சாசனமே சொல்லும்போது, அவற்றைத் தேர்தல் நடைமுறை என்ற பொதுத்தலைப்பில் அடக்கியதையே மறுக்கிறேன்.

இரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்கலாம். வயது வரம்பு 30–60 என்பதிலிருந்து 35–70 ஆகிறது. இதற்குக் கணக்கோடு தொடர்பு இருப்பதாகத் தெரியவில்லை. இந்த அளவில் சாஸ்திரியார் சொல்வது பொருந்தும். உறவினர் விலக்கில்தான் வேறுபாடு ஆழமாகிறது. வாரியம் செய்து முடித்தவர்களின் நெருங்கிய உறவினர் அனைவரையும் 919ஆம் ஆண்டுச் சாசனம் விலக்குகிறது. 921இல் அந்தப் பொது விலக்கு இல்லை. வாரியம் செய்தும் கணக்குக் காட்டாதிருந்தவர் விலக்கப்படுகிறார். அவரோடு சிற்றன்னை பெரியன்னை மக்கள், அத்தை மாமன் மக்கள், உடன்பிறந்தான், மருமகன், தகப்பன், மகன் என்று நீளும் உறவுப் பட்டியலும் விலக்கப்படுகிறது. கணக்குக் காட்டியவரின் சுற்றமோ இந்தத் தடையிலிருந்து விடுபடுகிறது. 919இல் எல்லோருக்கும் பொதுவாக இருந்த சந்தேகம், 921இல் கணக்குக் காட்டாதவர் வீட்டோடு நின்றுவிட்டது. கணக்குக் காட்டியவருக்குச் சபை தந்த முதல் மதிப்பு இதுவே என்பேன்.

இது மௌனத்திலிருந்து எடுக்கும் வாதம். விடுபட்ட விதி நீக்கப்பட்ட விதிதானா, பழையபடியே நடக்கும் என்று கருதி எழுதாமல் விட்டதா என்று கேட்கலாம். அதற்கான விடையை 921ஆம் ஆண்டுச் சாசனத்தின் இறுதிப் பகுதியில் தேடுகிறேன். நேர்மையாகப் பொருளீட்டியவரே ஊர்க் கணக்கெழுத வேண்டும்; எழுதியவர் தம் கணக்கைச் சபைப் பெருமக்களிடம் காட்டித் தூயவர் என ஏற்கப்பட்ட பின்னரே மறுபடி அப்பணிக்கு வரலாம்; அவர் கணக்கை அவரே காட்ட வேண்டும், வேறொருவர் புகுந்து முடிக்கக் கூடாது என்கிறது அப்பகுதி. 919இல் இதற்கு இணையான விதி இல்லை. தீயவர் கெட்டு நல்லவர் தழைக்க இந்த ஏற்பாடு என்று 921ஆம் ஆண்டுச் சாசனம் தன் நோக்கத்தையும் அறிவிக்கிறது. தண்டனை, தகுதி இரண்டையும் சேர்த்தே சபை யோசித்தது என்பதற்கு இதைவிட வெளிப்படையான சான்று வேண்டியதில்லை.

சாஸ்திரியாரே எடுத்துக்காட்டும் இன்னொரு சபை ஏற்பாட்டில், கணக்கர் காய்ச்சிய இரும்பைப் பிடித்துத் தம் தூய்மையை மெய்ப்பிக்க வேண்டும். தேறினால் ஊதியத்துக்கு மேல் ஒரு கொடை. தவறினால் பத்துக் கழஞ்சு தண்டம். தேறியவர் பெற்ற அந்தக் கொடையை நிர்வாகக் கட்டுப்பாட்டின் சிறு விவரமாகவே அவர் கடந்துபோகிறார். அதை 921இன் விதிகளோடு சேர்த்து வைத்திருந்தால் தேர்தல் கதைக்குப் பக்கத்திலேயே ஒரு நிதிக் கதையும் எழுந்திருக்கும்.

சோழர் காலச் சபையிலிருந்து மலேசிய நிர்வாகத் தலைநகரான புத்ராஜெயா வரை ஒரு நேர்க்கோடு வரைய நான் முயலவில்லை; அதற்குச் சான்றே கிடையாது. இரு வகைகளைப் பிரித்தறியவே இந்த ஒப்பீடு. அமெரிக்க விருதுக்கு நிர்வாகமே விண்ணப்பிக்கிறது. வரையறுத்த அளவுகோல்களுக்கு ஆவணம் பொருந்தினால் பாராட்டு கிடைக்கிறது. உத்தரமேரூரில் விண்ணப்பம் இல்லை. பதவி முடிந்ததும் கணக்கைக் காட்டியே ஆக வேண்டும். விளைவு அடுத்த பதவியைத் தொடும். மலேசிய நட்சத்திரம் இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. கணக்காய்வாளரே தேடிவந்து தணிக்கை செய்து தருவதால் உருவத்தில் உத்தரமேரூருக்கு நெருக்கம். விளைவில் அது பாராட்டாகவே நின்றுவிடுகிறது. ஒற்றை நட்சத்திரம் பெற்ற துறையின் அதிகாரி மறுபடி அப்பொறுப்புக்கு வருவதை அந்தக் குறியீடு தடுப்பதில்லை.

அளவிடும் பொருளிலும் ஓர் எல்லை உண்டு. விதிப்படி செலவு நடந்ததா, பதிவேடு சரியா, சொத்து இருப்பு கணக்கில் உள்ளதா என்பனவே அக்குறியீட்டின் கேள்விகள். பெட்டாலிங் ஜெயா மாநகர் மன்ற எல்லைக்குள் உள்ள கம்போங் மேடானில் வீட்டு வரி கட்டுபவர் கேட்பது வேறு: கால்வாய் தூர்வாரப்பட்டதா, குப்பை அள்ளப்பட்டதா? இத்தகைய குறியீடு ஒன்றில் நான்கு நட்சத்திரம் வாங்கிய அமைப்பும் இக்கேள்விகளுக்கு விடை தந்ததாக ஆகாது. உத்தரமேரூரில் ஏரிக்கும் தோட்டத்துக்கும் பொன்னுக்கும் தனித்தனி வாரியங்கள் இருந்தன. ஏரி வாரியத்தான் கணக்குக் காட்ட வேண்டியிருந்தது, அந்த ஏரி இருந்த ஊரின் சபையிடமே.

இந்த விதிகளின்படி எத்தனை பேர் விலக்கப்பட்டார்கள், எத்தனை பேர் தூயவர் என ஏற்கப்பட்டார்கள் என்பதை இவ்விரு சாசனங்களிலிருந்து அறிய வழியில்லை. விதி இருந்தது என்பதற்கு அவை சான்று. விதி நடந்தது என்பதற்கு அல்ல. ஆயினும் நிதி நிர்வாக விருதுகளை வகைப்படுத்த ஓர் அளவுகோலை அவை தருகின்றன. யார் கொடுத்தார், எப்போது தொடங்கினார் என்பவற்றோடு, விருது பெற்றவரும் பெறாதவரும் அடுத்த ஆண்டு எந்த இருக்கையில் இருந்தார்கள் என்பதையும் வரலாறு எழுதுவோர் கேட்க வேண்டும்.