தோல்வி தெரிந்தும் தேர்தலில் நின்றவர்: கேப்டன் லட்சுமியும் 2002ஆம் ஆண்டும்



சென்ற தவணையின் இறுதி வாரத்தில் ஆறாம் ஆண்டு மாணவர்களுக்கு இரண்டாம் உலகப் போரில் மலாயாத் தமிழர் பட்ட பாட்டைச் சொல்லிக்கொண்டிருந்தேன். பாடநூலோடு நிறுத்தாமல் கேப்டன் லட்சுமி அம்மையாரைப் பற்றியும் கூறினேன். படையணியை நடத்தியவர், பின்னாளில் இந்தியாவின் குடியரசுத் தலைவர் பதவிக்குப் போட்டியிட்டவர் என்றேன். "ஜெயிச்சாங்களா டீச்சர்?" என்று ஒரு மாணவி கேட்டாள். "இல்லை, தோற்றுவிட்டார்" என்றேன். "தோத்தவங்கள ஏன் டீச்சர் படிக்கணும்?" என்றாள்.

வகுப்பு சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. அதற்கு இரண்டு நாள் முன்புதான் அதே மாணவி, பள்ளி மாணவர் தலைவர் தேர்வுக்குத் தன் பெயரைக் கொடுக்க மறுத்திருந்தாள். "எப்படியும் தோத்துடுவேன்" என்பதே அவள் சொன்ன காரணம். தேயிலைக் காட்டில் கொழுந்து பறித்துக் குடும்பத்தைத் தாங்கும் ஒரு பாட்டியின் பேத்தி அவள். அவளுக்கு அன்று சொல்ல இயலாத விடையை இங்கே எழுதிப் பார்க்கிறேன்.

சென்னை மருத்துவர் சிங்கைக்கு வந்தார்

லட்சுமி 1914ஆம் ஆண்டு அக்டோபர் 24ஆம் நாள் பிறந்தவர். தந்தையார் சுவாமிநாதன் சென்னையில் புகழ்பெற்ற வழக்கறிஞர். தாயார் அம்மு சுவாமிநாதன் விடுதலைப் போராட்ட வீராங்கனை. இந்திய அரசமைப்பு மன்றத்தில் இடம்பெற்ற பெண்களுள் ஒருவர். 1952இல் திண்டுக்கல் தொகுதியிலிருந்து நாடாளுமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டவர். ஆக, பொதுவாழ்வு லட்சுமிக்கு வீட்டிலேயே அறிமுகமாகியிருந்தது.

சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்று 1938இல் மருத்துவப் பட்டம் பெற்றார். 1940இல் சிங்கப்பூர் வந்து மருத்துவமனை தொடங்கினார். அங்கே அவரை நாடி வந்தோருள் பெரும்பாலோர் இந்தியாவிலிருந்து பிழைக்க வந்த ஏழைத் தொழிலாளர்களே. வயிற்றுப்பாட்டுக்காகக் கடல் கடந்த தமிழரின் உடல்நிலையையும் மனநிலையையும் அவர் அங்குதான் நேரில் கண்டார். 1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் சப்பானியர் வசமாயிற்று.

தோட்டத்துப் பெண்கள் துப்பாக்கி ஏந்திய காலம்

அந்நாளில் மலாயாத் தோட்டங்களின் நிலையை நம் மூத்தோர் சொல்லக் கேட்டிருப்பீர்கள். ஐரோப்பியத் துரைமார் ஓடிவிட்டனர். இரப்பர் வாங்குவாரின்றிக் கிடந்தது. அரிசி அரிதாகி மரவள்ளிக்கிழங்கே உணவாயிற்று. ஆடவர் பலர் சயாம், பர்மா இரயில் பாதை போடக் கொண்டுசெல்லப்பட்டனர். பெரும்பாலோர் திரும்பி வருவார்கள் என்ற நம்பிக்கையின்றியே லயங்களில் பெண்டிரும் பிள்ளைகளும் வாழ்ந்தனர்.

இந்நிலையில் 1943 சூலை 2ஆம் நாள் சுபாஷ் சந்திர போஸ் சிங்கப்பூர் வந்து சேர்ந்தார். சூலை 4ஆம் நாள் இந்தியச் சுதந்திரக் கழகத்தின் தலைமையை ஏற்றார். ஒரு வாரத்துக்குள் அவர் விடுத்த அழைப்புகளுள் ஒன்று, பெண்களுக்கெனத் தனிப் படையணி வேண்டும் என்பது. லட்சுமி வீடு வீடாகச் சென்று பேசி இருபது பெண்களைத் திரட்டினார். சூலை 12ஆம் நாள் அவர்கள் சேலை உடுத்தியபடியே துப்பாக்கி ஏந்தி நேதாஜிக்கு அணிவகுப்பு மரியாதை செலுத்தினர். படைக்கு ஜான்சி ராணி படை எனப் பெயர் சூட்டப்பட்டது. அக்டோபர் 21ஆம் நாள் அறிவிக்கப்பட்ட தற்காலிக ஆசாத் இந்து அரசில் மகளிர் நலத்துறை அமைச்சராக லட்சுமி இடம்பெற்றார். மறுநாளே சிங்கப்பூர் வாட்டர்லூ சாலையில் பயிற்சி முகாம் திறக்கப்பட்டது.

முகாமில் சேர்ந்தோருள் பெரும்பாலோர் யார் என்பதே நமக்கு முக்கியம். மருத்துவர், ஆசிரியர், வணிகர் வீட்டுப் பெண்கள் சிலர் இருந்தனர். மிகுதியானோர் இரப்பர் தோட்டங்களிலிருந்து வந்த தமிழ்ப்பெண்கள். பலருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. பலர் பதின்ம வயதினர். பெரட்டுக்கு வரிசையில் நின்று பழகிய கால்கள், முதன்முறையாகத் தம் விருப்பத்தால் வரிசையில் நின்றன. முகாமில் அவர்கள் துப்பாக்கி சுடுவதோடு படிக்கவும் கற்றனர். இந்துஸ்தானி மொழி உரோமன் எழுத்தில் கற்பிக்கப்பட்டது.

இங்கே ஓர் எச்சரிக்கையும் தேவை. வீரவரலாறு சொல்லும்போது நாம் மிகைப்படுத்திவிடுகிறோம். படையின் எண்ணிக்கை ஆயிரம் என்றும் அதற்கு மேல் என்றும் மேடைகளில் கேட்டிருக்கிறோம். 2016இல் வெளியான ஆய்வொன்றில் வேரா ஹில்டிபிராண்ட் என்பார், அது ஐந்நூற்றுக்கும் குறைவாகவே இருந்திருக்கும் என மதிப்பிட்டுள்ளார். முன்னணிப் போர்க்களத்தில் அவர்கள் போரிட்டார்கள் என்பதும் சரியன்று. 1944இல் பர்மாவுக்குச் சென்றவர்கள் பயிற்சியிலும் மருத்துவப் பணியிலுமே ஈடுபட்டனர். 1945இல் இரங்கூனிலிருந்து பின்வாங்கியபோது, குண்டுவீச்சுக்கு நடுவே பல நாள்கள் நடந்தே சயாம் சேர்ந்தனர். திரும்பும் வழியில் உயிரிழந்தோரும் உண்டு. இந்த உண்மையே போதுமானது. இதன்மேல் நாம் ஏதும் ஏற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

போருக்குப் பின்

லட்சுமி பர்மாவில் பிரித்தானியரிடம் பிடிபட்டு, 1946 மார்ச்சில் இந்தியாவுக்கு அனுப்பப்பட்டார். 1947இல் தம்முடன் இந்தியத் தேசிய இராணுவத்தில் பணியாற்றிய பிரேம் சேகலை மணந்து கான்பூரில் குடியேறினார். படையில் அதைவிட உயர்ந்த தகுதி பெற்றிருந்தும் 'கேப்டன் லட்சுமி' என்ற பெயரே மக்கள் நாவில் நிலைத்தது.

கான்பூரில் அவர் செய்தது மருத்துவத் தொழில். பிரிவினையில் வந்த அகதிகளுக்கும் ஏழைத் தாய்மார்களுக்கும் சிகிச்சை அளித்தார். 1971இல் வங்காளதேச அகதிகள் பெருகியபோது எல்லைக்குச் சென்று பணி செய்தார். பின்னர் மார்க்சியப் பொதுவுடைமைக் கட்சியில் பணியாற்றினார். 1984இல் போபால் நச்சுவாயுப் பேரழிவின்போது மருத்துவக் குழுவுடன் சென்றார். 1998இல் பத்ம விபூஷண் விருது பெற்றார்.

2002: இரு தமிழர், ஒரு பதவி

இந்தியக் குடியரசுத் தலைவரைப் பொதுமக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுப்பதில்லை. நாடாளுமன்றத்தின் தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர்களும் மாநிலச் சட்டமன்ற உறுப்பினர்களும் வாக்களிப்பர். எல்லா வாக்குக்கும் ஒரே மதிப்பில்லை. 2002ஆம் ஆண்டுத் தேர்தலில் நாடாளுமன்ற உறுப்பினர் ஒருவரின் வாக்குக்கு மதிப்பு 708. தமிழகச் சட்டமன்ற உறுப்பினரின் வாக்குக்கு 176. உத்தரப்பிரதேச உறுப்பினரின் வாக்குக்கு 208. சிக்கிம் உறுப்பினரின் வாக்குக்கு 7. மாநிலத்தின் மக்கள்தொகையைக் கொண்டு இம்மதிப்பு கணக்கிடப்படுகிறது. வேட்பாளராக நிற்க வேண்டுமானால் ஐம்பது வாக்காளர்கள் முன்மொழியவும் மேலும் ஐம்பது பேர் வழிமொழியவும் வேண்டும். இது 1997இல் வந்த விதி. விளையாட்டாக நிற்போரைத் தடுக்கவே இவ்வேற்பாடு. (நம் நாட்டில் மாமன்னர் தேர்வு இதனின்றும் முற்றிலும் வேறுபட்டது. மாணவர்களுக்குச் சொல்லும்போது இரண்டையும் ஒப்பிட்டுக் காட்டலாம்.)

2002இல் ஆளும் தேசிய சனநாயகக் கூட்டணி, இராமேசுவரத்தில் பிறந்த அறிவியலாளர் ஆ.ப.ஜெ. அப்துல் கலாம் அவர்களை முன்னிறுத்தியது. எதிர்க்கட்சியான காங்கிரசும் அவரையே ஆதரித்தது. மறுத்தவர்கள் இடதுசாரிக் கட்சியினர் மட்டுமே. அவர்கள் கேப்டன் லட்சுமியை வேட்பாளராக நிறுத்தினர். அப்போது அவருக்கு அகவை 87! அக்கட்சிகளுள் ஒன்றான பார்வர்டு பிளாக், நேதாஜியே 1939இல் தோற்றுவித்தது. அறுபதாண்டுகளுக்கு முன் நேதாஜியின் அழைப்புக்குச் செவிசாய்த்த பெண்மணி, அவர் நிறுவிய கட்சியின் ஆதரவோடும் களத்தில் நின்றார்.

முடிவு என்னவாகும் என்பது வேட்புமனு கொடுத்த நாளிலேயே எல்லோருக்கும் தெரியும். லட்சுமிக்கும் தெரியும். இருந்தும் அம்முதிய வயதில் பல மாநிலங்களுக்குச் சென்று பேசினார். சூலை 15ஆம் நாள் வாக்களிப்பு நடந்தது. கலாம் பெற்ற வாக்கு மதிப்பு 9,22,884. லட்சுமி பெற்றது 1,07,366. ஏறத்தாழ பத்துக்கு ஒன்று.

தமிழர் பலருக்கு அன்று மனம் இரண்டாகப் பிரிந்தது என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. எளிய குடும்பத்தில் பிறந்த ஒரு தமிழர் நாட்டின் முதற்குடிமகனாவதை விரும்பாதார் யார்? கலாம் ஐயா மாணவர்களுக்கு எத்துணை நெருக்கமானார் என்பதை நாம் அறிவோம். ஆகவே இதை நல்லவருக்கும் அல்லவருக்கும் நடந்த போட்டியாகப் பிள்ளைகளுக்குச் சொல்லக்கூடாது. இரண்டு தகுதியுடையோர் நின்றனர், ஒருவர் வென்றார்.

அப்படியானால் லட்சுமி ஏன் நின்றார்? எனக்குத் தோன்றும் காரணம் இதுதான். எல்லாக் கட்சியும் ஒரே பெயரைச் சொல்லிவிட்டால் தேர்தலே நடக்காது, கேள்வியும் எழாது. ஒருவர் எதிரே நின்றால்தான் ஏழைகளின் மருத்துவம், பெண்களின் உரிமை, சமய நல்லிணக்கம் ஆகியவற்றை அந்த மேடையில் பேச இயலும். வாக்களித்த ஒவ்வொரு சட்டமன்ற உறுப்பினரும் ஒரு கணமேனும் இரு பெயர்களைப் படித்துப் பார்த்துத் தேர்ந்தெடுக்க நேர்ந்தது.

ஐந்தாண்டுகள் கழித்து, 2007இல், பிரதிபா பாட்டீல் இந்தியாவின் முதல் பெண் குடியரசுத் தலைவரானார். 2022இல் பழங்குடிச் சமூகத்தைச் சேர்ந்த திரௌபதி முர்மு அப்பதவியை அடைந்தார். இருவருமே முன்னர் மாநிலச் சட்டமன்றத்தில் பணியாற்றியவர்கள். லட்சுமி நின்றதால்தான் அவர்கள் வென்றார்கள் என்று நான் சொல்லமாட்டேன். வரலாறு அவ்வளவு நேர்கோடாகச் செல்வதில்லை. ஆயினும் ஒரு பெண்ணின் பெயர் அந்த வாக்குச்சீட்டில் இருந்தது என்பது உண்மை.

அம்மையார் 2012 சூலை 23ஆம் நாள் தம் 97ஆம் அகவையில் மறைந்தார். அவர் விருப்பப்படி உடல் கான்பூர் மருத்துவக் கல்லூரிக்கு வழங்கப்பட்டது.

நம் நாட்டில்

அவருடைய தோழியர் பலர் மலாயாவுக்குத் திரும்பினர். கோலாலம்பூரில் பிறந்த ஜானகி ஆதி நாகப்பன் பதினெட்டு வயதில் படையில் சேர்ந்து, அதன் தலைமைப் பொறுப்புகளுள் ஒன்றை ஏற்றவர். நாடு திரும்பி, மலாயா இந்தியக் காங்கிரசின் தொடக்கக் காலத்தில் உழைத்தார். பின்னாளில் மேலவை உறுப்பினரானார். இராசம்மா பூபாலன் ஆசிரியரானார். 1960இல் பெண் ஆசிரியர்களுக்கெனத் தொழிற்சங்கம் அமைத்துத் தலைமையேற்று, ஆணுக்கு நிகரான ஊதியம் கேட்டுப் போராடினார். அக்கோரிக்கை அந்தப் பத்தாண்டிலேயே நிறைவேறியது. இன்று என் சம்பளச் சீட்டில் ஆண் ஆசிரியருக்கு உள்ள அதே தொகை இருக்கிறது. அதன் பின்னால் முன்னாள் படைவீராங்கனை ஒருவரின் உழைப்பும் இருக்கிறது.

தோட்டத்திலிருந்து சென்ற பெண்களோ பெரும்பாலும் பெயரின்றியே தோட்டத்துக்குத் திரும்பினர். பால்மரம் வெட்டினர், பிள்ளை வளர்த்தனர். வீட்டாரிடம்கூட முழுதாகச் சொல்லாமல் மறைந்தோர் எத்தனை பேரோ!

பெற்றோர்களுக்கும் ஆசிரியர்களுக்கும்

இரண்டு வேண்டுகோள்கள்.

முதலாவது, உங்கள் குடும்பத்தில் சப்பானியர் காலத்தைக் கண்டவர் இன்னும் இருந்தால், இந்த விடுமுறையிலேயே பிள்ளையை அருகில் அமர்த்திக் கேட்கச் செய்யுங்கள். அக்காலத்தினர் மறைந்திருந்தால், அவர்கள் சொன்னதைக் கேட்ட பிள்ளைகளிடமாவது கேளுங்கள். கைப்பேசியில் பதிந்து வையுங்கள். சிறியது, பெரியது என்று பார்க்க வேண்டாம்.

இரண்டாவது, பள்ளியில் பேச்சுப்போட்டியோ மாணவர் தலைவர் தேர்வோ வரும்போது, "உன்னால் முடியுமா?" என்று பிள்ளையிடம் கேட்கும் முன் "நீ என்ன சொல்ல விரும்புகிறாய்?" என்று கேளுங்கள். முதற்கேள்வி அச்சத்தை வளர்க்கிறது என்பதை என் வகுப்பிலேயே கண்டேன். அதற்கு நானும் ஒரு காரணமாக இருந்திருக்கலாம். வென்றவர் பெயரை மட்டுமே கரும்பலகையில் எழுதி வந்தவள் நான்.

புதிய தவணை தொடங்கியதும் அந்த மாணவியிடம் இக்கட்டுரையின் சுருக்கத்தைச் சொன்னேன். உடனே மனம் மாறிவிட்டாள் என்று எழுத ஆசைதான், அப்படி நடக்கவில்லை. ஆனால் மறுநாள் வந்து, "டீச்சர், அந்தத் தோட்டத்து அக்காமாருங்க பேரு ஒன்னாச்சும் தெரியுமா?" என்று கேட்டாள். தேடிப் பார்ப்போம் என்றேன். இருவரும் தேடிக்கொண்டிருக்கிறோம்.

அன்புடன், மலைத் தோட்டத்து ஆசிரியை.